மேனேஜர் எழும்பல

“மேனேஜர் எழும்பல, நிவேந்திரன். காலையிலேர்ந்து நாலு வாட்டி எழுப்பிப் பாத்துட்டேன். ரெண்டு செகண்டு நிக்குது, அப்புறம் விழுந்துருது.”

கணேஸ்வரன் தராசு அறையின் மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு பேசினார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கம்ப்யூட்டர் பெட்டியின் வயர். மூன்றாவது கை இல்லாததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். செம்பனை மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயது ஐம்பத்தைந்து. குனியும்போது முழங்கால் ஒரு சத்தம் போட்டது, நிமிரும்போது இடுப்பு இன்னொரு சத்தம் போட்டது. இரண்டையும் அவர் கேட்காதது போல் இருந்தார்.

அவர் சொன்ன மேனேஜர் மனிதர் இல்லை. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வெறும் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இல்லாமல் படமும் பட்டனும் வர வேண்டுமென்றால், உள்ளே ஒரு புரோகிராம் முதலில் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட வேண்டும். அதற்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். கணேஸ்வரனும் கோலாலம்பூர் ஹெட் ஆபீசில் இருந்த நிவேந்திரனும் வாய் நோகாமல் இருக்க அதை ‘மேனேஜர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

“என்ன அங்கிள் பண்ணீங்க கடைசியா?” என்றான் நிவேந்திரன்.

“நேத்து சாயங்காலம் அப்கிரேட் பண்ணேன்.”

“யாரு பண்ணச் சொன்னா?”

“யாரும் சொல்லல லா. நானாத்தான் பண்ணேன்.”

யாரும் சொல்லாத வேலையைப் பத்தொன்பது வருஷத்தில் கணேஸ்வரன் செய்தது அது ஒன்றுதான். அதற்கும் காரணம் இருந்தது. மலாக்கா டவுன் ஆபீசில், நிர்வாகப் பிரிவில், ஓர் இடம் காலியாகியிருந்தது. ஒரே ஓர் இடம். பாயா ரும்புட்டில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷம். செலண்டார் தாண்டி இருக்கும் இந்த செம்பனை மில்லுக்கோ, லோரிகளுக்குப் பின்னால் காடியில் ஊர்ந்து வந்தால் ஒரு மணி நேரம். போக ஒன்று, வர ஒன்று. பத்தொன்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அந்த இடத்துக்குப் போகும் முன் மெஷினைச் சுத்தமாகப் புதுசாக்கி வைத்துவிட்டால், பிறகு யாரும் போன் போட்டுத் தொல்லை கொடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். நல்ல மனசோடுதான் போட்டார்.

மாற்றல் ஃபாரம் இன்று மாலை ஐந்து மணிக்குள் டவுன் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் மில் மேனேஜர் ஹரிதாஸின் கையெழுத்து வேண்டும். ஹரிதாஸ் மனிதர்தான்.

“மேனேஜர் வந்துருச்சு அங்கிள்!” என்று மேலே ராகினியின் குரல் கேட்டது.

கணேஸ்வரன் சந்தோஷத்தில் துள்ளி மேசையில் தலையை இடித்துக்கொண்டார். தேய்த்துக்கொண்டே வெளியே வந்து திரையைப் பார்த்தார். அதே கறுப்பு. அதே வெள்ளை எழுத்து. வாசலில் ஹரிதாஸ் நின்றுகொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தில் அப்பா வந்துச்சு, மாமா போச்சு என்றுதான் பேச்சு. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, நாக்குக்கு அது சுலபம், அவ்வளவுதான். கணேஸ்வரன் தன்னையே நொந்துகொண்டு எழுந்து நின்றார்.

“என்ன கணேஸ், ஸ்கிரீன் வரலியாமே?”

“வந்துரும் போஸ். சின்ன விஷயம்.”

“வெளியில நாலு லோரி நிக்குது.”

“அரை மணி நேரம் போஸ்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஃபாரம்...” என்றார்.

“ஸ்கிரீன் வரட்டும், கையெழுத்தும் வரும்” என்று சொல்லிவிட்டு ஹரிதாஸ் போய்விட்டார்.

ஹரிதாஸ் கெட்டவர் இல்லை, பயந்தவர். மில்லுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கணேஸ்வரன் மூன்று வருஷமாக மாற்றல் கேட்கிறார். முதல் வருஷம் ஆள் இல்லை என்றார். இரண்டாம் வருஷம் ஹெட் ஆபீஸ் என்ன சொல்லுமோ என்றார். மூன்றாம் வருஷம் பெருமூச்சு மட்டும் விட்டார். போன மாசம் ஹெட் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, மில்லைச் சுற்றிப் பார்த்து, இளநீர் குடித்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே, தன்னைத் தூக்கிவிட்டார்களோ என்று ஹரிதாஸ் எடுக்கத் தயங்கினார்.

கணேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். அப்கிரேடுக்குப் பிறகு படம் காட்டும் டிரைவருக்கும் மேனேஜருக்கும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. சரி, பழைய காலத்து டிரைவர் ஒன்றைப் போட்டால் எந்தத் திரையிலும் ஏதாவது தெரியுமே என்று அதைப் போட்டார்.

தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் தேங்காய் அளவுக்குத் தெரிந்தது.

“ஐயோ அங்கிள், எல்லாம் பெருசாயிருச்சு” என்றாள் ராகினி. தராசு அறையின் கிளார்க் அவள். இருபத்தாறு வயது. வாயில் எப்போதும் புளிப்பு மிட்டாய் ஒன்று இருக்கும்.

“பெருசா இருந்தா என்னம்மா, கண்ணுக்கு நல்லதுதான். தட்டு, தட்டு. லோரியை உள்ள விடு.”

லோரி தராசில் ஏறினால் எடை திரையில் வரும். அதற்குக் கீழே இரண்டு பட்டன். பச்சையில் ‘தெரிமா’ என்று இருக்கும், அழுத்தினால் செம்பனைக் குலைகள் மில்லுக்குள் போகும். சிவப்பில் ‘தோலாக்’ என்று இருக்கும், அழுத்தினால் பழம் சரியில்லை என்று லோரியைத் திருப்பி அனுப்பிவிடும். எழுத்து தேங்காய் அளவுக்கு வளர்ந்ததில் பச்சைப் பட்டன் திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. சிவப்பு மட்டும் நட்டநடுவில் ஜம்மென்று நின்றது.

ராகினி பாவம், தட்டு என்று சொன்னதால் இருந்ததைத் தட்டினாள். மூன்று லோரிகளுக்குத் தட்டினாள்.

மூன்றாவது லோரி வீரமுத்துவுடையது. ஆசகானிலிருந்து விடிகாலையில் புறப்பட்டு வந்தவர். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

“யாருலா என் பழத்தைத் தோலாக் பண்ணது? நேத்து வெட்டுன குலை! கையில எடுத்துப் பாரு, எண்ணெய் ஒழுகுது!”

“நாங்க பண்ணல அண்ணே, ஸ்கிரீன் பண்ணிருச்சு” என்றாள் ராகினி.

“ஸ்கிரீனுக்குப் பழத்தைப் பத்தி என்ன தெரியும்?”

கணேஸ்வரன் எழுந்துபோய்க் கையைக் கூப்பினார். மூன்று லோரிகளையும் மறுபடி வரிசையில் நிற்கச் சொன்னார். ஆனால் வரிசையின் கடைசியில்தான் இடம் இருந்தது. அதற்குள் அங்கே பதினொரு லோரி சேர்ந்துவிட்டது. வீரமுத்து சொன்னவற்றில் பாதி மலாய், பாதி தமிழ். எதையும் திருப்பிச் சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்து சுசீலாவின் போன் வந்தது. கணேஸ்வரனின் மனைவி. அவருக்கு முன்பே அவள் மாற்றலாகி மனசளவில் டவுன் ஆபீசுக்குப் போய்விட்டாள்.

“கையெழுத்து ஆச்சா?”

“ஆயிரும்.”

“ஆயிரும்னா? நான் அடுத்த வீட்டு முத்தாயி அக்காகிட்டகூட சொல்லிட்டேங்க. இனிமே மத்தியானச் சாப்பாடு வீட்டுலதான்னு சொல்லிட்டேன். மானத்தை வாங்கிறாதீங்க.”

“ஸ்கிரீன் ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு சுசீ. அது வந்தாத்தான் கையெழுத்து.”

“உங்களை யாரு அதைத் தொடச் சொன்னா?”

காலையிலிருந்து இதே கேள்வியை இரண்டாவது ஆள் கேட்கிறார். கணேஸ்வரன் போனை வைத்துவிட்டு நிவேந்திரனைக் கூப்பிட்டார். மேசைமேல் போன் ஒளிர்ந்தது. ‘ஹெட் ஆபீஸ்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. ராகினி எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், லாக் எல்லாம் படிச்சேன்” என்றான் நிவேந்திரன், ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. “உங்க பழைய மேனேஜர் சரிப்பட்டு வராது. புது சிஸ்டத்துக்கு அது ஒத்துப்போகாது. தூக்கிட்டு வேற மேனேஜர் போட்டுருங்க.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கேதான். வச்சிருந்து என்ன பண்ணப் போறீங்க? வேலையும் செய்யாது, மத்தவங்களையும் செய்ய விடாது.”

“அது சரிதான்” என்றார் கணேஸ்வரன், தட்டிக்கொண்டே. “மொதல்ல கில் பண்ணணுமா?”

“ஆமா, உயிரோட இருக்கறப்பத் தூக்கினா பிரச்சனை பண்ணும்.”

“பண்ணேன். சாகல.”

“ஃபோர்ஸ் குடுங்க.”

“குடுத்தேன்... ஆ, போச்சு.” கணேஸ்வரன் ஒரு கணம் கையை எடுத்தார். அவர் இளகிய மனசுக்காரர். “பாவம், ஒம்பது வருஷம் நம்ம கூட இருந்துச்சு.”

ராகினி மிட்டாயை மெல்லுவதை நிறுத்தினாள். தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு, அது நிறைந்திருப்பதைக்கூடப் பார்க்காமல், தண்ணீர் பிடிக்கிறேன் என்று வெளியே போனாள். லோரிக்காரர்களின் ஏச்சைத் தாங்க முடியாமல் போகிறாள் என்று கணேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

புது மேனேஜர் இறங்கி உட்கார அரை மணி நேரம் ஆனது. பட்டனைத் தட்டிவிட்டு கணேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது படம் வந்திருந்தது. நல்ல படம். வண்ணம், பட்டன், எடை எல்லாம் இருந்தது. ஆனால் முழுப் படமும் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது.

நிவேந்திரனுக்கு மறுபடி போன் போட்டால் அவன் சாப்பிடப் போயிருந்தான். கணேஸ்வரனுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. படம் படுத்திருந்தால் மானிட்டரையும் படுக்க வைத்தால் போச்சு என்று முடிவு செய்தார். ஸ்டாண்டைக் கழற்றி, மானிட்டரைப் பக்கவாட்டில் நிறுத்தி, விழாமல் இருக்க ஒரு மைலோ டின்னை முட்டுக் கொடுத்தார். எல்லாம் நேராகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் தன்னைப் பற்றி அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிரச்சனை என்னவென்றால், அதே படம்தான் வெளியே, லோரிக்காரர்கள் எடையைப் பார்க்கும் பெரிய டிவியிலும் ஓடுகிறது. அது சுவரில் ஆணி அடித்து மாட்டியது. அதைப் படுக்க வைக்க முடியாது. பதினெட்டு லோரிக்காரர்களும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாயிரத்துச் சொச்சத்தை யாரோ ஏழாயிரம் என்று வாசித்தார்கள், இன்னொருவர் இல்லை என்றார், இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

கணேஸ்வரன் ஜன்னல் கதவைச் சாத்தினார். திரும்பினால் பின்னால் ஹரிதாஸ். கையில் ஒரு கிளாஸ் தே தாரேக், ஆற்றி எடுத்த பால் டீ. சூடாக, நுரை ததும்ப.

“அண்ணே, பசியாறியாச்சா?” என்றார் ஹரிதாஸ்.

ஒன்பது வருஷத்தில் கணேஸ் என்று கூப்பிட்டிருக்கிறார், கோபம் வந்தால் கணேஸ்வரன் என்று கூப்பிட்டிருக்கிறார். அண்ணே இதுதான் முதல் தடவை. வெளியே நடக்கும் கூத்தைப் பார்த்து ஆள் பயந்துவிட்டார் என்று கணேஸ்வரன் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

ஹரிதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். “மேனேஜர் விஷயமா... ஹெட் ஆபீஸ் போன் பண்ணுச்சாமே. ராகினி சொல்லுச்சு.”

“ஆமா போஸ். வேற வழியில்லாமப் போச்சு. பழைய மேனேஜர் புது சிஸ்டத்துக்கு ஒத்து வரல.”

“ஒத்து வராதுன்னே சொல்லிட்டாங்களா?”

“முடிவாச் சொல்லிட்டாங்க. மேனேஜரை மாத்தித்தான் ஆகணும்னுட்டாங்க.”

சிஸ்டம் விஷயத்தில் ஹரிதாஸ் இவ்வளவு அக்கறை காட்டி கணேஸ்வரன் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு மனிதர் தன் வேலை என்ன என்று கேட்கிறாரே என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதனால் விளக்கமாகவே சொன்னார்.

“புது மேனேஜர் எப்படிண்ணே?”

“ஹெட் ஆபீஸ் சொன்னதுதான். கொஞ்சம் கோணல். நேரா நிக்க மாட்டேங்குது. பழகப் பழகச் சரியாப் போகும்.”

“பழைய மேனேஜர் என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? கிளீனாத் தூக்கியாச்சு. எங்கயாவது மூலை முடுக்குல மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருந்தா அதையும் தேடிப் புடிச்சு எடுத்துரணும். இல்லன்னா புதுசோட சண்டை புடிக்கும்.”

“மூலையிலகூட இருக்கக் கூடாதா?”

“கூடாது போஸ்.”

ஹரிதாஸ் கர்ச்சீப்பை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“டவுன் ஆபீசுல அந்த இடம் இருக்கே, அது எப்படிண்ணே? நல்ல வேலையா?”

இந்தக் கேள்விக்குத்தான் கணேஸ்வரன் மூன்று வருஷம் காத்திருந்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

“சொர்க்கம் போஸ். ஏர்கோன். காடியை நிழல்ல விடலாம். எட்டுக்குப் போனா அஞ்சுக்கு வீடு. மத்தியானம் வீட்டுக்கே போய் சாப்புடலாம். இந்த மேனேஜர் தொல்லையெல்லாம் அங்க அறவே கிடையாது. அந்த டிபார்ட்மெண்டே வேற. ஒரு ஹெட் ஆபீஸ்காரனும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்.”

“எட்டிப் பாக்க மாட்டாங்களா?”

“எதுக்குப் பாக்கறான்? ரிட்டையர் ஆகறவரைக்கும் நிம்மதியா உக்காந்திருக்கலாம். எனக்கு அது போதும் போஸ். என்னால இனி முடியல.” கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நடிப்பு இல்லை. நிஜமாகவே முடியவில்லை.

“ஒரே ஒரு இடம்தானே?”

“ஒண்ணே ஒண்ணுதான்.”

“அஞ்சு மணிக்குள்ள போகணும்?”

“ஆமா.”

ஹரிதாஸ் எழுந்தார். கணேஸ்வரனின் தோளைத் தொட்டார். “நீங்க ஸ்கிரீனைப் பாருங்கண்ணே. ஃபாரம் விஷயத்தை நான் பாத்துக்கறேன். நானே கையோட டவுனுக்குக் கொண்டு போய்க் குடுக்கறேன்.”

கணேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாக இந்த மனிதரைப் பற்றிக் காடியில் தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது சொன்னதையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். நிறைய இருந்தது, கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த உற்சாகத்தில் சாய்ந்த படத்தை நிமிர்த்தக் கிளம்பினார். நிமிர்ந்தது. நிமிர்ந்த கையோடு பாஸ்வேர்ட் கேட்டது. பாஸ்வேர்டைத் தட்டினால் கீபோர்ட் வேலை செய்யவில்லை. மவுஸை ஆட்டினால் அம்புக்குறி அசையவில்லை. புது மேனேஜர் எழுந்து நின்றுகொண்டு, வீட்டுக்காரரையே உள்ளே விடமாட்டேன் என்றது. வெளியே வரிசை மில் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. இருபத்தாறு லோரி. வெயிலில் குலைகள் வாசம் வீச ஆரம்பித்துவிட்டன. வீரமுத்து லோரிக்கு அடியில் நிழலில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

கணேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அழலாமா என்று யோசித்தார். அதற்கும் தெம்பு வேண்டும் என்று விட்டுவிட்டார்.

“நிவேந்திரன், புதுசு பழசைவிட மோசம்டா. உள்ளயே விடமாட்டேங்குது.”

போனில் நிவேந்திரன் சிரித்தான். சாப்பிட்டு வந்த சிரிப்பு. “அங்கிள், ஒண்ணு சொல்லட்டா? உங்களுக்கு மேனேஜரே தேவையில்ல.”

“என்னது?”

“மேனேஜர்னு ஒண்ணு இருக்கணும்னு சட்டமா? அதையும் தூக்கி வீசுங்க. கறுப்பு ஸ்கிரீனுக்குப் போங்க. அங்கிருந்து நீங்களே ஒரே ஒரு கட்டளை தட்டி டிஸ்ப்ளேயைக் கெளப்புங்க. நடுவுல எதுக்கு இன்னொருத்தரு?”

கணேஸ்வரன் தட்டினார். ஆறே ஆறு எழுத்து. ஏழாவதாக என்டர்.

திரை ஒரு முறை கண் சிமிட்டியது. பிறகு படம் வந்தது. நேராக, அளவாக, எழுத்து எழுத்தின் அளவில், பச்சைப் பட்டன் பச்சையாக, சிவப்புப் பட்டன் அதன் இடத்தில். மவுஸ் அசைந்தது. எடை ஓடியது. கணேஸ்வரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, வாழ்க்கையில் இதுவரை போடாத சத்தம் ஒன்றைப் போட்டார்.

“ஓடுதுடா! மேனேஜர் இல்லாமலே நல்லா ஓடுது! இவ்வளவு நாளா இந்த மேனேஜர் எதுக்கு இருந்துச்சுன்னே தெரியலடா!”

“அதான் சொன்னேன்ல” என்றான் ஹெட் ஆபீஸ் நிவேந்திரன். “நீங்களே பாத்துக்கலாம் அங்கிள். உங்களுக்குத் தெரியாததா?”

வாசலில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. ஹரிதாஸ். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, ஒரு பச்சை ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“கேட்டீங்களா போஸ்?” என்று கணேஸ்வரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“கேட்டேன்ணே” என்றார் ஹரிதாஸ். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தார், கணேஸ்வரனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். “நல்லா இருங்கண்ணே. என் மேல ஏதாவது வருத்தம் இருந்தா மனசுல வச்சுக்காதீங்க.”

“ஐயோ, என்ன போஸ், எனக்கென்ன வருத்தம்? நீங்கதான் எனக்குத் தெய்வம் மாதிரி.”

ஹரிதாஸ் ஒரு தரம் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ராகினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகு நாள் வேலை செய்த இடத்தை விட்டு அங்கிள் போகப் போகிறாரே என்ற வருத்தம் அவளுக்கு என்று கணேஸ்வரன் புரிந்துகொண்டார். சின்னப் பெண்ணாக இருந்தாலும் நல்ல மனசு.

“அழாதம்மா. அடிக்கடி வந்து பாத்துட்டுப் போறேன்” என்றார்.

ராகினி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். அதற்குள் அடுத்த லோரி தராசில் ஏறிவிட்டது.

இருபத்தாறு லோரியும் உள்ளே போக இரண்டு மணி நேரம் பிடித்தது. வீரமுத்துவுக்கு முதலில் தெரிமா கொடுக்கச் சொல்லி கணேஸ்வரன் நேரில் நின்று பார்த்தார். வீரமுத்து போகும்போது ஹார்ன் அடித்துவிட்டுப் போனார், திட்டவில்லை. பிறகு கணேஸ்வரன் எடுத்த வேலையை அரைகுறையாக விடாமல், எந்தக் கட்டளையை எப்போது தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினார். இனிமேல் யார் வந்தாலும் இதைப் பார்த்துத் தட்டினால் போதும். அவருக்கு போன் வராது.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் அறையை எட்டிப் பார்த்தார். காலி. மேசை துடைத்த மாதிரி இருந்தது. ஃபாரத்தை அவரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்ற நினைப்பில் கணேஸ்வரனுக்குக் காலிலிருந்த வலி பாதி குறைந்தது. சுசீலாவுக்கு போன் போட்டார்.

“ஆயிருச்சு சுசீ.”

“நிஜமாவா? கையெழுத்து போட்டுட்டாரா?”

“கையெழுத்து என்ன, மேனேஜரே காடி எடுத்துக்கிட்டு டவுன் ஆபீசுக்குப் போயிருச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டு கண்ணு கலங்கிருச்சு.”

“அந்த மனுஷனையா இத்தனை நாளு திட்டிக்கிட்டு இருந்தீங்க?”

“நம்ம மேலதான் தப்பு” என்றார் கணேஸ்வரன். மனப்பூர்வமாகச் சொன்னார்.

“கெளம்பி வாங்க. இருட்டறதுக்கு முன்னாடி கிளேபாங் போயிட்டு வரலாம். கடற்கரையில காலாற நடந்து எத்தனை வருஷமாச்சு.”

எத்தனை வருஷம் என்று இருவருக்கும் தெரியவில்லை. கணேஸ்வரன் டிராயரைத் திறந்து தன் காப்பி மக், ஒரு ஜோடி பழைய கண்ணாடி, தைலப் போத்தல் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு வந்து எடுக்கலாம். ஆனால் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போக ஆசையாக இருந்தது. தராசைக் கடந்து வாசலுக்கு நடந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மில்லின் வாசனை அவருக்குப் பிடித்திருந்தது.

கேட்டில் காவலுக்கு ஜாகா தங்கையா உட்கார்ந்திருப்பார். அறுபது தாண்டியவர். கணேஸ்வரன் போகும்போது உட்கார்ந்தபடியே ‘போயிட்டு வா தம்பி’ என்று கையை ஆட்டுவார். இன்றைக்கு எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தார்.

“என்ன தங்கையாண்ணே, சல்யூட் எல்லாம் பலமா இருக்கு? விஷயம் உங்களுக்கும் தெரிஞ்சுருச்சா?” என்று சிரித்தார் கணேஸ்வரன்.

“தெரியாம இருக்குமா?” தங்கையா மேசை டிராயரிலிருந்து ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். “இப்பத்தான் டவுன்லேர்ந்து மேனேஜர் போன் பண்ணுச்சு, போஸ். ஆபீசுல காலியா இருந்த அந்த ஒரே இடத்தைத் தன் பேருக்கே எழுதி வாங்கிக்கிச்சாம், ‘மேனேஜர் இல்லாமலே நல்லா ஓடுதுன்னு அண்ணன் சொன்னதை என் காதாலயே கேட்டேன், ஹெட் ஆபீசும் அவரே பாத்துக்கட்டும்னு சொல்லிருச்சு, இனிமே மில்லை அவரே ஓட்டட்டும்’னு சாவியை உங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு.”